போகாத மை

தோளால் மறுபடி மறுபடி இடித்ததில் பாத்ரூம் தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. கமலாட்சி உள்ளே பாய்ந்தாள்.

குழாய் திறந்து கிடந்தது. ஈரத் தரையில் சங்கவி குந்தியிருந்தாள். கையில் டீப் பாத்திரம் விளக்குகிற கம்பி நார். ஒன்பது வயதுக் குழந்தை, அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோல் தன் இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் வழன்று ரத்தம் கசிந்தது. கன்னத்திலும் கீறல்கள்.

"போக மாட்டேங்குது ஆன்ட்டி" என்றாள் சங்கவி. அழவில்லை. வராத கணக்கை டீச்சரிடம் காட்டுகிற குரல்.

கமலாட்சி நாரைப் பிடுங்கி எறிந்தாள். சுத்தமான துண்டைக் கையில் சுற்றி, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள். எதிர்க்கரை டவுனுக்கு, சாத்தாம் போகிற படகு ஹாரன் அடித்துவிட்டது. ஜெட்டியில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினாள். யாரோ இந்தியில் திட்டினார்கள். காதில் வாங்கவில்லை.

படகு நகர்ந்த பிறகுதான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண் வரைக்கும் கறுப்பு. அந்த மையைக் குழைத்தவளே அவள்தான்.

பாம்பூஃப்ளாட் ஜெட்டி ரோட்டில், ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த நடனக்கூடம். பெற்றோர் சங்கம் நடத்துவது. கமலாட்சி அதன் செயலாளர். மேக்கப், காஸ்ட்யூம், பிள்ளைகளுக்கு டீ, சுண்டல் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் மகள் இங்கே ஆடிப் பழகி, தீவை விட்டு மெயின்லேண்டுக்குப் படிக்கப் போய்விட்டாள். கமலாட்சி மட்டும் விடவில்லை. படகுக்குக் காத்திருந்த நேரத்தில் ஜெட்டியில் தனக்குத்தானே ஆடிக்கொண்டிருந்த சங்கவியைக் கண்டுபிடித்து, டவுனில் துணிக்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மா ரூபாவிடம் பேசிச் சேர்த்துவிட்டதும் அவள்தான். இன்றைக்கு அந்தக் கூடத்தில் சங்கவிக்கு ஈடாக ஆட ஆளில்லை.

அன்று காஸ்ட்யூம் ரிகர்சல். கான்ட்ராக்டர் பன்னீர்செல்வம் கட்டி முடித்த ரிசார்ட்டின் திறப்பு விழாவுக்கு எட்டுப் பிள்ளைகள் 'ஜங்கிள் டான்ஸ்' ஆட வேண்டும். இடுப்பில் இலை, கையில் பிளாஸ்டிக் வில், உடம்பெல்லாம் கறுப்பு மை. கூடத்துக்கு ஹால் கொடுத்தவரும் அவர்தான் என்பதால் யாரும் மறுக்கவில்லை. "காட்டு ரோட்டுல ஆதிவாசிங்களப் போட்டோ எடுத்தா ஜெயிலுன்னு போர்டு வச்சிருக்கான். நம்ம பசங்க வேஷம் கட்டினா எந்தக் கேஸும் இல்ல. கெஸ்ட் இஷ்டத்துக்கு எடுத்துக்கலாம்" என்று பன்னீர்செல்வம் சொன்னபோது கூடமே சிரித்தது. கமலாட்சிக்கு அது அப்போதே தப்பாகப் பட்டது. பட்டதோடு சரி. மை டப்பாவைத் திறந்து, தேங்காயெண்ணெய் ஊற்றிக் குழைக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரே தள்ளுமுள்ளு. யாருக்கு முதலில் பூசினோம், யாருக்குக் கடைசியில் பூசினோம் என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

படகிலிருந்தே பன்னீர்செல்வத்துக்குப் போன் போட்டாள். மை வாங்கிக் கொடுத்தது அவர்தான். எந்தக் கடையில் வாங்கினீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறது, பிள்ளைக்குத் தோல் உரிகிறது என்று மூச்சு விடாமல் கேட்டாள். எதிர்முனையில் எதையோ மெல்லுகிற சத்தம். ஒரு வாய் விழுங்கிவிட்டுத்தான் பதில் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ், கேஸ் என்று இழுப்பார்கள், பேசாமல் மருந்துக்கடையில் ஏதாவது வாங்கித் தடவச் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து மேட்டர முடிம்மா. சண்டே ஃபங்ஷன் இருக்குல்ல? முழுக்கை போட்டு ஆட வச்சிரலாம்."

கமலாட்சிக்குப் போனைக் கடலில் எறியலாம்போல் இருந்தது. காதில் எச்சில் பட்டதுபோல் ஒரு அருவருப்பு. முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் வங்காளி டாக்டரம்மா. காயத்தைக் கழுவ ஆரம்பித்தார். கமலாட்சி பக்கத்தில் நின்று, மட்டமான மை, கான்ட்ராக்டர் வாங்கிக் கொடுத்தது, அவன் மேல் புகார் எழுதிக்கொள்ளுங்கள் என்று இந்தியில் படபடத்தாள். டாக்டரம்மா பஞ்சைத் தூக்கி விளக்கில் பார்த்தார். இன்னொரு பஞ்சை எடுத்து, காயம் படாத தோளில் அழுத்தித் துடைத்தார். கழுத்தில், காது மடலுக்குப் பின்னால் துடைத்தார். பிறகு கமலாட்சியின் விரல்களைப் பார்த்தார்.

உங்கள் கையில் இவ்வளவு மை ஒட்டியிருக்கிறதே, எரிகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். பஞ்சை நீட்டினார். ரத்தம் இருந்தது. கறுப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

"இந்தக் குழந்தை மேல மையே பூசலியே" என்று இந்தியில் சொன்னார் டாக்டரம்மா.

கமலாட்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டில் பக்கம் குனிந்தாள்.

"சங்கவி, உனக்குப் பூசலியா?"

குழந்தை இல்லையென்று தலையை ஆட்டினாள். "நானும் லைன்ல நின்னேன். எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இவ ரெடிமேட்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"அப்புறம் எதுக்குக் கண்ணு தேச்சே?"

"ஆடி முடிச்சு எல்லாரும் கழுவினாங்க. ஸ்வேதா வெள்ளையாயிட்டா. பிரவீன்குமார்கூட ஆயிட்டான். எனக்குத்தான் போகவேயில்ல."

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. கமலாட்சியின் முகத்தைப் பார்த்து, மேலே எதுவும் கேட்காமல் கட்டுப் போட ஆரம்பித்தார்.

"ரெடிமேட்னு சொன்னது யாரு?" கமலாட்சி இன்னும் குனிந்து கேட்டாள்.

சங்கவி நிமிர்ந்து கமலாட்சியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரம் சேதி கேட்டுக் கடையிலிருந்து ரூபா ஓடி வந்தாள். வேர்த்து விறுவிறுத்து, செருப்பில் ஒன்று அறுந்து கையில் இருந்தது. அவளும் மகளைப் போலவே நல்ல கறுப்பு. சங்கவி அம்மாவின் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"சின்னப் புள்ளயா இருக்கப்ப நீயும் தேச்சுப் பாத்தியாம்மா?"

ரூபா அறுந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு, மகளின் கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கமலாட்சி வெளியே போய், வராண்டாக் குழாயில் கை கழுவினாள். பின்னால் வந்து நின்றவர்கள் சலித்துக்கொள்ளும் வரை கழுவினாள்.

மறுநாள் சாயங்காலம் கூடத்தில் பெற்றோர், பிள்ளைகள் எல்லாரும் கூடிய கூட்டம். அழைத்தது கமலாட்சி. பன்னீர்செல்வம் ஒரு பெரிய சாக்லேட் டப்பாவோடு வந்து நடுநாற்காலியில் உட்கார்ந்தார். ரூபா கதவோரம் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டாள்.

நடந்ததைக் கமலாட்சி எழுந்து சொன்னாள். அந்த ஒரு சொல்லையும் சொன்னாள். பிறகு அவரவர் நியாயம் வெளியே வந்தது. பிள்ளைகளுக்குள் ஆயிரம் கேலி இருக்கும் என்றார் ஒருவர். ரூபா வீட்டில் தைரியம் சொல்லி வளர்க்கவில்லை என்றார் இன்னொருவர். ஸ்வேதாவின் அம்மா அலமு எழுந்தாள்.

"எம் பொண்ணு நல்ல செவப்பு. அவளுக்கே ரெண்டு கோட் அடிச்சீங்க. நாங்க ஏதாச்சும் கம்ப்ளெயின்ட் பண்ணினோமா?"

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கணக்காகப் பேசினாள்.

பன்னீர்செல்வம் கையைத் தட்டினார். "அரே, சண்டை எதுக்கு? எந்தப் புள்ள அப்படிச் சொல்லுச்சுன்னு கண்டுபுடிங்க. டான்ஸ்லருந்து தூக்கிருவோம். ரூபாவுக்கும் மனசு ஆறும். சண்டே ப்ரோக்ராம் நடக்கட்டும்."

"நடக்காது சார்" என்றாள் கமலாட்சி.

அவர் ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். யாருடைய இடம் என்பதை நினைவூட்டுகிற பார்வை.

"ஹாலை எடுத்துக்குங்க. எங்க புள்ளைங்க ஜெட்டி ஷெட்டுல ஆடும்" என்றவள் பெற்றோர் பக்கம் திரும்பினாள். "காட்டுல இருக்கறவங்க மானத்தோட வாழ்றாங்க. அவங்க நெறத்த டப்பாவுல அடைச்சு, நாலு பேரு சிரிக்கறதுக்கு நம்ம புள்ளைங்க மேல பூசினோம். கறுப்புன்னா வேஷம், கறுப்புன்னா சிரிப்பு, கறுப்புன்னா கழுவித் தள்ள வேண்டிய அழுக்குன்னு நாமதான் சொல்லிக் குடுத்தோம். அதை நெசம்னு நம்பி ஒரு கொழந்தை தன் தோல உரிச்சுப் பாத்துருச்சு. புள்ளைங்களுக்கு டிரெஸ்ஸு, டீயி, டிக்கெட்டு குடுத்துட்டா சப்போர்ட்டுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். புள்ளயோட நெறத்த வச்சு வாயத் தொறக்காம இருக்கணும். மொதல்ல அது."

பன்னீர்செல்வம் சாக்லேட் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கதவோரத்திலிருந்து ரூபாவின் குரல் வந்தது.

"அக்கா, எல்லாம் சொன்னீங்க. பேரு சொல்லலியே. நேத்துலருந்து கேட்டுட்டிருக்கேன், எம் பொண்ணு வாயே தொறக்கல. யாருன்னு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

பன்னீர்செல்வம்கூட நின்றுவிட்டார். அலமு தன் மகளின் தோளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

கமலாட்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து, ரூபாவின் எதிரே போய் நின்றாள்.

"மை டப்பாவக் கையில வச்சுக்கிட்டு, இவ ரெடிமேட், வேலை மிச்சம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னது" என்றாள். "இந்த வாய்தான் ரூபா."