சாய்க்காமல்

"கொஞ்சம் சாய்ச்சா போதும்மா, பத்து நொடியில வெளிய போயிடும்" என்றார் பெட்டி தூக்க வந்த நால்வரில் மூத்தவர்.

"சாய்க்கக் கூடாது" என்றாள் அவள்.

படுக்கையறை வாசலில் பெட்டி முட்டிக்கொண்டு நின்றது. திறந்து கிடந்த கதவு இரண்டு விரற்கடை இடத்தைத் தின்றிருந்தது. காலிப் பெட்டியைச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். இப்போது அதற்குள் அவள் கணவர் இருந்தார். மூடியும் முடுக்கியாகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, இதே வாசலில் ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்தபோது மனிதர் சரிந்து தரையில் விழுந்தார். அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இன்னொரு தடவை என்னைச் சாய்க்க விடாதடி."

விட மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கதவின் கீலில் வைத்தாள். அசையவில்லை. கணவர் பெயின்டராக இருந்தவர். ஊரார் வீட்டிலெல்லாம் கீலைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசியவர், சொந்த வீட்டில் மட்டும் கீலையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டிருந்தார், வருடா வருடம். திருகாணித் தலைகள் பெயின்டுக்குள் புதைந்து கிடந்தன. சுரண்டி எடுத்தும் பிடி விடவில்லை.

"சோம்பேறி" என்றாள் பெட்டியைப் பார்த்து.

"அண்ணி! போனவரைப் போய் இப்படியா?" நாத்தனார் பதறினாள்.

"இருந்தப்பவும் இதையேதான் சொன்னேன். உங்கண்ணன் கேட்டாரா?"

செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா போற?" என்றான் மகன்.

"வேலைக்கு."



இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்த இடம். காசு வாங்காமல் சுத்தியல் முதல் ஏணி வரை இரவல் கொடுக்கும் அமைப்பு. அங்கே அவள் தொண்டராகச் சேர வேண்டிய முதல் நாள் இன்றைக்குத்தான்.

பொறுப்பாளர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவளைக் கண்டதும் எழுந்தே விட்டார். "அம்மா, கேள்விப்பட்டேன். நீங்க இன்னைக்கு வர வேணாம்."

"அடிச்சா திருகுமே, அந்த ஸ்க்ரூடிரைவர் வேணும்."

தொண்டர்களுக்கு அங்கே நடந்த பயிற்சி வகுப்பில் பார்த்திருந்தாள். பின்னால் சுத்தியலால் ஓங்கி ஒன்று வைத்தால், எப்பேர்ப்பட்ட திருகாணியும் இளகும்.

கண்டக்டர் நெளிந்தார். "உறுப்பினர் அட்டை இல்லாம வெளிய விடக்கூடாதும்மா. அட்டை வர ஒரு வாரம் ஆகும்."

"தொண்டரா இருந்தா?"

"அன்னைக்கே எடுக்கலாம். ஆனா வேலையில சேர்ந்திருக்கணும்."

"நோட்டைக் குடுங்க."

சேர்ந்த நேரம் என்ற இடத்தில் பத்து ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முதல் இரவலைத் தனக்கே எழுதினாள். 'எதற்காக' என்ற கட்டத்தில்: கதவு.

"ஷிஃப்ட் எத்தனை மணி வரைக்கும்?"

"அஞ்சு. ஆனா நீங்க..."

"வந்துடுவேன்."

வீட்டில் முதல் அடி விழுந்ததும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டாள். "அழ வேண்டிய நேரத்துல இது என்ன அண்ணி? நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"அந்த நாலு பேரும் பெட்டி தூக்க வந்திருக்காங்க. அழுகை எங்கயும் ஓடிப் போகாது. நீங்க கதவைப் பிடிங்க."

நாத்தனார் முறைத்தாள். பிறகு பிடித்தாள்.

ஆறு திருகாணி. ஒவ்வொரு அடிக்கும் பச்சை, நீலம், வெள்ளை என்று பெயின்ட் பொருக்குகள் தெறித்தன. கடைசித் திருகாணி கழன்றதும் மகன் கதவைத் தூக்கிச் சுவரில் சாத்தினான்.

"இப்பத் தூக்குங்க. மட்டமா."

இருபுறமும் நூலளவு இடைவெளி. பெட்டி எங்கும் உரசாமல் வெளியே போனது.

எல்லாம் முடிந்து அவள் வேலை இடத்துக்குத் திரும்பி வந்தபோது மணி மூன்றரை. திரும்பி வரும் எதையும் ஒரு முறை இயக்கிப் பார்த்துத்தான் அலமாரியில் வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. மேசையில் அதற்கென்றே ஒரு மரக்கட்டை, அதில் ஒரு திருகாணி. ஸ்க்ரூடிரைவரை வைத்து அடித்தாள். திருகியது.

மறுபடி அடித்தாள். மறுபடி.

திருகாணி கழன்று தரையில் உருண்டது. அவள் நிறுத்தவில்லை. கண்டக்டர், இரவல் வாங்க அவள் முன் காத்திருந்தவர்களைத் தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார்.