ஐம்பது கிலோ அண்டாவுக்கு அடியில்

மேலப்பாளையத்தில் நூகுவின் வாடகைப் பாத்திரக் கிட்டங்கியில் அன்று காலை முப்பது கிலோ அரிசி வேகும் அண்டாவைக் காணவில்லை. மத்தியானம் நிக்காஹ் விருந்து. அந்த அண்டாவைத் தவிர வேறொன்றில் சமையல்காரர் அலி அஸ்கர் பிரியாணிக்குத் தம் போடமாட்டார்.

"வேற ஆளப் பாத்துக்கிடும் மொதலாளி, நான் வாரேன்."

"இரும்வே! திசையன்விளைக்காரன் வாடகைக்கு எடுத்துட்டுப் போனது திரும்பல. அவன நாக்கப் புடுங்குத மாதிரி கேக்கேன்" என்று நூகு போனை எடுத்தார்.

"பைய, பொறுங்க மாமா" என்றாள் மருமகள் முஃபீதா. ஒவ்வொரு பாத்திரத்தின் காதிலும் அது இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோ டேக் ஒட்டியவள் அவள்தான். அண்டா நேற்று மாலையே உள்ளே வந்துவிட்டது, வெளியே போகவில்லை என்று வாசல் கருவி காட்டியது. ஆனால் அதன் டேக்கைத் தேடும் கைக்கருவியை எந்தப் பக்கம் நீட்டினாலும் சத்தமில்லை.

"ஒன் டேக்க எல்லாம் இன்னைக்கே பிச்சி எறியுதேன், பாரு" என்றார் நூகு.

முஃபீதா யோசித்தாள். ரேடியோ அலை அண்டாவின் செம்புத் தகட்டைத் துளைக்காது. கழுவுகிறவர்களோ தண்ணீர் வடியட்டும் என்று பாத்திரங்களைக் கவிழ்த்து வைப்பவர்கள். முப்பதை மூடும் அளவுக்குப் பெரியது, மூலையில் கவிழ்ந்து கிடந்த ஐம்பது கிலோ அண்டா ஒன்றுதான்.

"அதத் தூக்குங்க."

இருவரும் முக்கித் தூக்கினார்கள். கைக்கருவி விடாமல் கத்தியது.

"அல்ஹம்துலில்லாஹ்!" அலி அஸ்கர் உள்ளே இருந்த அண்டாவை உருட்டிக்கொண்டே வாசலுக்கு நடந்தார்.

நூகு போனைச் சட்டைப்பையில் போட்டார். "எம் மருமவ சொன்னா தப்பாதுன்னு அப்பமே சொன்னேம்லாவே?"

முஃபீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள்.