கணினியே இல்லாத 2040

பல்கலைக்கழகத்தின் நெடுங்காலத் தகவல் தொழில்நுட்ப இலக்குகளை வகுக்கும் குழுவில், ஒரு கணினியைக் கழற்றிப் பார்த்த அனுபவம் ஹெட்விக் ஒருத்திக்குத்தான் இருந்தது. மற்றவர்கள் இலக்கு வைப்பதில் மட்டும் கைதேர்ந்தவர்கள். அதில் அந்தப் பத்துப் பேரும் ஒரு வில்லாளியையே தோற்கடித்துவிடுவார்கள், அம்பு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லையென்றால்.

கணினிப் பிரிவின் தலைவியான அவளுக்கு ஒரே ஓர் இலக்கு போதும். சர்வர்கள் எல்லாம் ஆற்றை ஒட்டிய பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தன. வடக்கு ஸ்வீடனில் ஏப்ரல் பிறந்து பனி உருகினால் ஆறு அங்கே விருந்துக்கு வந்துவிடும். போன ஏப்ரலில் முழங்கால் தண்ணீரில் நின்று வயரைப் பிடுங்கிய அவள் பிரிவு ஊழியன் சிக்ஸ்டனை மின்சாரம் தூக்கி அடித்தது. ஆள் பிழைத்தான், வலது கை பாதிதான் பிழைத்தது. “இனிமே உன்னை அந்தக் குழிக்குள்ள இறக்க மாட்டேன்” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று ஹெட்விக் அவனுக்கு வாக்குக் கொடுத்தாள்.

அதனால் முதல் கூட்டத்திலேயே எழுதிக் கொடுத்தாள்: சர்வர்களை மேட்டில் உள்ள கட்டடத்துக்கு மாற்ற வேண்டும்.

துணைவேந்தர் ஆர்விட் அதைப் படித்துவிட்டு, குழந்தை வரைந்த படத்தைப் பார்ப்பதுபோல் புன்னகைத்தார். “அருமை ஹெட்விக். ஆனா இது கொஞ்சம் தரையிலேயே நிக்குது. நாம இப்ப தொலைநோக்கைப் பத்திப் பேசறோம்.”

“தண்ணி தரையிலதான் வருது ஆர்விட்.”

எல்லோரும் மரியாதைக்குச் சிரித்தார்கள். அங்கே யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. சொல்வது முகத்தில் துப்புவதற்குச் சமம். வேண்டாததை அருமை என்பார்கள், பிறகு கருத்துக் கேட்டு எல்லாத் துறைகளுக்கும் சுற்றுக்கு விடுவார்கள். சுற்றி வருவதற்குள் அது தானாகச் செத்துப்போயிருக்கும். யார் கொன்றது என்று கேட்டால் கைகாட்ட ஆள் இருக்காது.

அவளுடைய இலக்கும் அப்படித்தான் திரும்பி வந்தது: ‘இட அமைவு குறித்த உரையாடலைப் பேணுவோம்.’ ஹெட்விக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

பிப்ரவரிக் கூட்டத்தில் கிரீம் பன் வந்தது. பாதாம் விழுது போதவில்லை என்பதில்தான் குழு முதன்முறையாக வெளிப்படையாகக் கருத்து வேறுபட்டது. பிறகு பல்கலைக்கழகம் ‘முன்னணி’யில் இருக்க வேண்டுமா ‘முன்வரிசை’யில் இருக்க வேண்டுமா என்று காபி ஆறும்வரை பேசினார்கள். வரைவைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு ஹெட்விக்குடையது. இவர்கள் படிக்கிறார்களா என்று பார்த்துவிடுவோம் என்று, அன்று அவள் ஒரு வரியைச் சேர்த்தாள்:

‘2040க்குள் நம் வளாகத்தில் கணினி என்பதே இருக்காது.’

யாராவது ஒருவர் துள்ளி எழுவார். உடனே மேசையைத் தட்டி, ‘இதைப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு என் நிலவறை மட்டும் கண்ணுல படலையா?’ என்று கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம்.

யாரும் துள்ளவில்லை. சுற்றுக்குப் போன வரைவில் சட்டத் துறை ‘துணிச்சலான பார்வை’ என்று எழுதியது. மருத்துவத் துறை, அந்த வரியில் நல்வாழ்வு என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னது. கணிப்பொறித் துறையாவது கத்தும் என்று நம்பினாள். அவர்கள் மனமார வரவேற்று, அதை ஆராய ஒரு புதிய பேராசிரியர் பதவி கேட்டிருந்தார்கள்.

மார்ச்சில் முடிவுக் கூட்டம். முடிவை அறிவிக்கத் தட்டும் மரச் சுத்தியலை ஆர்விட் கையில் எடுத்தபோது நிதிப் பொறுப்பாளர் யேர்ட்ருட் கை தூக்கினாள்.

“ஒரு சின்ன சந்தேகம். ஹெட்விக் பாவம் அத்தனை தடவை கேட்டாளேன்னு, சர்வரை மேட்டுக்கு மாத்த இந்த வருஷக் கணக்குல இடம் பண்ணி வெச்சிருந்தேன். இப்ப கணினியே இருக்கப் போறதில்லையே, அப்புறம் அதை எதுக்கு மாத்தணும்? எடுத்துடறேன், சரியா?”

ஹெட்விக் எழுந்துவிட்டாள். “எடுக்காதே யேர்ட்ருட்! அந்த வரி நான் கிண்டலுக்கு எழுதினது. கணினி இல்லாம பல்கலைக்கழகம் நடக்குமா? யோசிச்சுப் பாருங்க!”

ஒருவர் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

“உன் அடக்கம் எங்களுக்குத் தெரியாதா?” என்றார் ஆர்விட் கனிவாக. “ஆனா இது இப்ப உன்னோடது இல்ல ஹெட்விக். எல்லாத் துறையும் பார்த்து, திருத்தி, தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்க. அவங்க உழைப்பைக் கிண்டல்னு சொல்லலாமா?” பிறகு எல்லோரையும் பார்த்தார். “கூட்டம் இதை ஏத்துக்குதா?”

ஆம், ஆம் என்று மேசையைச் சுற்றி வந்தது. ஒரே ஓர் ‘இல்லை’ போதும், எல்லாம் நின்றுவிடும். அது ஹெட்விக்கின் தொண்டை வரை வந்தது. ஆனால் அந்த அறையில் அந்தச் சொல்லை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள், கம்பளத்தை அசிங்கப்படுத்தப் போகிற நாயைப் பார்ப்பதுபோல. இவர்களை இத்தனை நாள் மனதுக்குள் முட்டாள்கள் என்று வைதுகொண்டிருந்த அந்த வாய், “ஆம்” என்றது.

சுத்தியல் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, அவள் அலுவலகத்துக்கு வந்தபோது சிக்ஸ்டன் நிலவறைப் படியருகே நின்றிருந்தான்.

“வந்துடுச்சு. ரெண்டாம் படி வரைக்கும்.”

“நீ இறங்காதே. நான் போறேன்.”

“எந்த வயர் எங்க போகுதுன்னு உனக்குத் தெரியுமா? உன்னையும் சேர்த்துல்ல தூக்கிட்டு வரணும்?” அவன் சிரிக்கவில்லை. “இந்த வருஷம் மாத்திடுவாங்கன்னு யேர்ட்ருட் போன கிறிஸ்மஸுக்கே என் காதுல போட்டா. உனக்கு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்னு நானும் சொல்லல. கடைசில ஏதோ கிறுக்குத்தனமான இலக்கு வந்து கெடுத்துடுச்சாம். எந்த மடையன் எழுதினது அதை?”

ஹெட்விக் தண்ணீரைப் பார்த்தாள்.

“எல்லாரும் சேர்ந்து எழுதினது” என்றாள்.

சிக்ஸ்டன் இடது கையால் ரப்பர் காலணியை இழுத்து மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.