காளியாயி உரித்த முட்டை

ராகலைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் காளியாயி உரித்தால் அவித்த முட்டை பச்சையாகிவிடும். கரட் விலை விழுந்த சேதியைச் சொல்வதுபோலத்தான் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, நடந்தது நடந்ததுதான். அவள் விரல் பட்டதும் வெள்ளைக்கரு தெளிந்து விரலிடுக்கில் வழியும். தயிரைத் தொட்டால் பாலாகும், வெந்த கோழி இரத்தச் சிவப்புக்குத் திரும்பும். சோறும் ரொட்டியும் மட்டும் வெந்தபடியே இருக்கும், அந்த மட்டில் புண்ணியம்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வினை ரோதமுனி பூசையில் வந்தது. தேயிலை ஃபெக்டரியின் சக்கரங்களைக் காக்கும் அந்தச் சாமிக்கு வருஷாவருஷம் கோழி படைப்பார்கள். அந்த முறை படையல், கொழுந்து காயவைக்கும் உலைக்கு விறகு போடுகிற இராமையாவுடையது. அவர் பெண்சாதி காளியாயி ஆக்கி இலையில் எடுத்து வைத்த கறி, எல்லோரும் பார்க்கப் பார்க்கப் பச்சை இறைச்சியானது. சாமிக்குக் கோபம் என்று ஊர் முடிவுகட்டியது. அதே மாதம் இராமையாவின் கண்ணில் வெள்ளை படரத் தொடங்கியது, காளியாயிக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. தன் கைதான் அவரைக் கெடுத்தது என்று நம்பி, அன்றோடு அவர் முகத்தைத் தொடுவதை விட்டாள். வருஷங்கள் போயின. இரண்டு கண்ணிலும் பார்வை போனது, வேலையும் போனது. அவள் பயந்து அடுப்பை விட்டுவிட்டதால் கறி ஆக்குவது அவர் தலையில் விழுந்தது. தடவித் தடவி ஆக்கிக் கையைச் சுட்டுக்கொள்வார், அவள் வாசலில் நின்று அழுவாள்.

நுவரெலியாவில் கண் டாக்டர் சர்மிளா விளக்கடித்துப் பார்த்தார். உலை வேலையா என்று கேட்டார். பிறகு காளியாயி பக்கம் திரும்பினார்.

"கண்ணுக்குள்ள புரதம்னு ஒண்ணு இருக்குங்க அம்மா, நீளமான நூல் மாதிரி. அதுக்குன்னு உள்ள மடிப்புல மடிஞ்சிருந்தாத்தான் வெளிச்சம் உள்ள போகும். கொசுவம் அவிழ்ந்துட்டா சேலை அதே சேலைதான், ஆனா நடக்க முடியுமா? சூட்டுல இவருக்கு மடிப்பு குலைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிச்சு. முட்டை அவிஞ்சா வெளுக்குதே, அப்படித்தான். அவிச்சது திரும்பப் பச்சையாகாது. ஆபரேஷன்தான் வழி."

ஆனால் இரத்தத்தில் சீனி இறங்காமல் கத்தி வைக்க முடியாது என்றும், அது எப்போது இறங்கும் என்று சொல்வதற்கில்லை என்றும் சொல்லிவிட்டார். காளியாயி கையை முந்தானைக்குள் ஒளித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில்தான் அவளுக்குப் பிடிபட்டது. இந்தக் கை எதையும் கெடுக்கவில்லை, குலைந்த மடிப்பையெல்லாம் திரும்ப மடித்து வைத்திருக்கிறது. அடிப்பாவி, இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்றே என்று தன்னையே வைதுகொண்டாள். ஆனாலும் பயம் விடவில்லை.

"கைய வைக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

"அதுக்குத்தானே இத்தன வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்," என்றார் இராமையா.

அவர் கண்களின் மேல் வைத்தாள். பஸ் வளைவுகளில் ஏறி இறங்கியது, அவள் கையை எடுக்கவில்லை. ராகலை வந்ததும் எடுத்தாள். மனுஷன் ஜன்னலையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை.

"நரைச்சிருச்சே, காளியாயி," என்றார்.

அடுத்த தடவை டாக்டர் விளக்கை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் தேவையில்லை என்று அனுப்பினார். ரோதமுனிக்குக் கோழியை இப்போது இராமையாதான் ஆக்குகிறார், காளியாயி தேங்காய் உடைக்கிறாள். வீட்டிலும் முட்டையை அவரே அவித்து, உரித்து, அவள் கை படாதபடி வாயில் ஊட்டிவிடுகிறார். வயிற்றுக்குள் போனபிறகு அது என்ன ஆகிறது என்று தோட்டத்தில் யாரும் கேட்பதில்லை.