ஒதுக்கி வைத்த காய்

ஏலக்காய் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பதில் ஹபீப் ரஹ்மானை அடித்துக்கொள்ள போடிநாயக்கனூரில் ஆள் கிடையாது. மூட்டையில் வெடித்ததும் வெளுத்ததும் கிடக்கத்தான் செய்யும். ஆனால் அவன் எடுக்கிற பிடியில் அத்தனையும் பச்சைப் பசேலென்று உருண்டு திரண்டு நிற்கும். ஏலத்தில் அந்தச் சாம்பிள் தட்டைப் பார்த்துத்தானே விலை சொல்கிறார்கள்? முதலாளிமார் அவனைத் தேடி வருவார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பாவம், பிற்பாடு அவனைத் தின்றதும் அதுதான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மதுரையிலிருந்து மரபணு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். பவதாரணி என்ற டாக்டரம்மாதான் தலைமை. உலகத்தில் இதுவரை சேர்த்து வைத்த மரபணு விவரத்தில் பெரும்பங்கு வெள்ளைக்காரர்களுடையதாம். நம் பக்கத்து ஜனங்களுடையது இல்லாததால் நம் சீக்கெல்லாம் இன்னதென்று பிடிபடாமலே போகிறதாம். அதனால் எல்லாச் சமூகத்திலும் ரத்தம் எடுத்தார்கள். பள்ளிவாசல் தெருக்காரர்களைக் கூட்டி வரும் பொறுப்பு ஹபீப் தலையில் விழுந்தது.

"நல்லா இருக்கவங்க, முடியாதவங்க, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. பொறுக்கி எடுக்காதீங்க" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

பொறுக்காமல் இருக்க அந்தக் கைக்குத் தெரிந்தால்தானே. ரத்தம் எடுத்த கல்யாண மண்டபத்தில் அவன் கொண்டுவந்து உட்கார வைத்தவர்கள் எல்லாம் வாட்டசாட்டமான ஆட்கள். இருமுகிற ஆள்கூட ஒருத்தர் இல்லை.

அதற்கு முந்தின நாள் அவனுடைய பெரியப்பா மகன் அப்துல் சமது போன் செய்திருந்தார். போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். மகன் அனீசுக்கு அப்போது பதினோரு வயது. கால் சூம்பிப்போய், யாராவது தூக்கினால்தான் உண்டு.

"ஹபீபு, ரத்தம் எடுக்குறாகளாமே. பயலை ஜீப்புல கொண்டாறேன். இவனுக்கு என்ன சீக்குன்னு தெரிஞ்சாலும் தெரியும்ல?"

"ஆள் சேந்துருச்சுண்ணே. அடுத்த தடவை பாப்போம்."

ஆள் சேரவில்லை. ஹபீபின் தங்கச்சிக்கு அப்போது கம்பத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு சீக்கு குடும்பத்தில் இருப்பது நாலு பேர் நடுவில் வெளிச்சமானால் சம்பந்தம் நிற்குமா? ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தான். தங்கச்சி கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அனீஸ் சில வருஷத்தில் மூச்சுத் திணறி இறந்துபோனான். அடுத்த தடவை என்று ஒன்று வரவே இல்லை.

ஹபீபின் மகள் அப்ரினுக்கு இப்போது ஒன்பது வயது. போன வருஷத்திலிருந்து படியேறும்போது விழுகிறாள். தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றித்தான் எழுகிறாள்.

"அனீசும் இப்படித்தானே எந்திரிப்பான்" என்றாள் அவன் மனைவி நஜீமா.

ஹபீப் அவள்மேல் எரிந்து விழுந்தான். பயம் வந்தால் அவனுக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும்.

மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். அதே பவதாரணி டாக்டர். இந்த நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றார். நடக்கிற பிள்ளைகளை மட்டும்தான் சேர்ப்பார்கள். எந்த மரபணுப் பிழையால் வந்தது என்பதும் உறுதியாக வேண்டும்.

"அப்ரினுக்கு ஒரே மாற்றம் அம்மா வழியாவும் வந்திருக்கு, அப்பா வழியாவும் வந்திருக்கு" என்றார். நஜீமா சொந்தத்தில் எடுத்தவள்தான். "வெளிநாட்டு விவரத்துல இந்த மாற்றமே கிடையாது. இருக்கிறது உங்க தெருக்காரங்க கொடுத்ததுதான். அதுல சிலருக்கு ஒரு வழியா மட்டும் இருக்கு. எல்லாரும் நல்லா இருக்காங்க. ரெண்டு வழியாவும் வந்தா நோய் வரும்னு நான் அடிச்சுச் சொல்ல, இதே நோயோட இன்னொருத்தர் வேணும். அப்படி ஒருத்தர்கூட அன்னைக்கு வரலையே."

ஹபீப் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பையன் இருந்தான் டாக்டர். இப்ப இல்ல."

பால்பல்லோ, காய்ந்த தொப்புள்கொடியோ வீட்டில் இருந்தால் முயற்சி செய்யலாம் என்றார் டாக்டர். கிடைக்கும் என்று உறுதி சொல்லவில்லை. எடுத்ததை முழுசாக அரைக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

மறுநாள் காலை ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் மலையேறினான். சமது ஸ்டோர் வாசலில் காய் அள்ளிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ராவியத்து பால் கலக்காத கட்டஞ்சாயா கொண்டுவந்து கொடுத்தாள். ஹபீப் அப்ரினின் சேதியையும் டாக்டர் கேட்டதையும் சொன்னான். பிறகு, கண்ணைப் பார்க்காமல், அன்றைக்கு ஆள் சேர்ந்துவிட்டதாகச் சொன்னது பொய் என்றும் சொன்னான்.

"தெரியும்" என்றார் சமது. "மனசு கேக்காம நாங்க வந்தோம். மண்டபத்து வாசல் வரைக்கும். நாற்காலி காலியாத்தான் கெடந்துச்சு. நீ உள்ள சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தே. பயதான் உன்னையக் காட்டி, எங்கிட்ட 'சின்னத்தாவுக்குச் சோலி இருக்கு போல, வாங்கத்தா போவோம்'னான்."

ஹபீபுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

ராவியத்து கழுத்துச் சங்கிலியில் கிடந்த வெள்ளித் தாயத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். அனீசின் தொப்புள்கொடி அதற்குள்தான் இருந்தது. முதலில் அவன் இடுப்பில் கிடந்தது, அவன் போன பிறகு இவள் கழுத்துக்கு வந்தது.

"சோதிச்சுட்டுத் திருப்பித் தருவாகளா தம்பி?"

சாம்பிளுக்கு எடுத்த காய் மூட்டைக்குத் திரும்பி வந்து ஹபீப் பார்த்ததில்லை. தருவாக என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தரமாட்டாக மதினி. அரைச்சுருவாக. அப்பயும் உதவுமான்னு தெரியாது."

"பாதியாச்சும்?"

"முழுசும் வேணுமாம்."

அவள் பொத்திய கையை எடுக்கவில்லை. சமதும் காயை அள்ளாமல் நின்றார்.

"அப்ரினு எப்படி நடக்குறா?" என்றாள் ராவியத்து.

"சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு."

சங்கிலியைத் தலைவழியாகக் கழற்றி, தாயத்தை உருவி, அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவள் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது.

"வெரசா கொண்டு போங்க. புள்ளை நடக்கட்டும்" என்றாள். பிறகு, யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாத மாதிரி, "அன்னைக்கு ஒரு சொட்டு ரத்தத்தோட முடிஞ்சிருக்கும்" என்றாள்.

எத்தனையோ மூட்டையில் பிடி பிடியாக அள்ளிய அந்தக் கையைத் தாயத்தின்மேல் மூட ஹபீபுக்கு மனசு வரவில்லை.