பெட்டிக்குக் காய்ச்சல்

'பெட்டி' அன்றைக்குப் பள்ளிக்கு வரவில்லை. 'பெட்டி' என்ற அட்டையோடு நிற்க வேண்டிய பையனுக்குக் காய்ச்சல். இது காலையிலேயே மிஸ்ஸுக்குத் தெரியும். 'தீ' அட்டை வைத்திருந்த குழந்தையைத் தனியே கூப்பிட்டு, "இன்னிக்கு நீ எழுந்து வரவேண்டாம், புரிஞ்சுதா?" என்று இரண்டு முறை சொல்லியும் வைத்திருந்தாள். குழந்தையும் புரிந்தது என்று தலையாட்டியது. ஆனால் ஐந்து நாள் ஒத்திகை என்பது லேசுப்பட்டதா? 'கை'யும் 'பை'யும் ஒட்டி நின்று 'கைப்பை' சொல்லி முடித்து இடத்தில் போய் உட்கார்ந்ததும், சாவி கொடுத்த பொம்மை மாதிரி 'தீ' எழுந்து வந்து, அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்றுவிட்டது. பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ள ஆளில்லை. குழந்தை வாசலைப் பார்த்தது, பிறகு மிஸ்ஸைப் பார்த்தது.

வகுப்பின் கடைசியில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் இரண்டும் முகவாய்க்கு வர உட்கார்ந்திருந்தார் கல்வி அதிகாரி. கூட்டுச்சொல் பாடத்தை அவள் எப்படி நடத்துகிறாள் என்று பார்க்கத்தான் வந்திருந்தார். அவர் எழுதிக்கொடுப்பதை வைத்துத்தான் அவளுடைய வேலை நிரந்தரமாகும். நான்கு வருடமாக அவள் தற்காலிகம். ஒவ்வொரு விடுமுறைக்கும் பெயரை எடுத்துவிடுவார்கள். பள்ளி திறக்கும்போது கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. "இந்த வருஷமும் இல்லன்னா விட்டுடும்மா, எத்தனை நாளைக்குத்தான் இப்படித் தொங்கிக்கிட்டிருப்பே?" என்று வீட்டுக்காரர் முந்தாநாள் சொன்னார். திட்டிச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். மனுஷன் அன்பாகச் சொல்லித் தொலைத்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஒத்திகை யோசனை மூன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சரக்காவுடையது. "இந்த வாண்டுங்களை நம்பிப் போய் நின்னே, நடுத்தெருவுலதான் நிக்கணும். யார் எப்ப வரணும், என்ன சொல்லணும்னு உருப்போட வெச்சுடு" என்றாள். அப்படியே செய்தாள் இவளும். பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி ஆளுக்கு ஒரு சொல் எழுதினாள். ஆளுக்கு ஒரு ஜோடி. மழைக்குப் பின்னால் காலம், தேனுக்குப் பின்னால் கூடு, பாலுக்குப் பின்னால் காரர். தொண்டைத் தண்ணீர் வற்ற வற்றக் கத்தினாள். யாராவது விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், "யோசிக்காதே, சொல்லு!" என்று அதட்டினாள். மூன்றாம் நாளே வகுப்பு ரயில் மாதிரி ஓடியது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

"பரவால்ல டீச்சர்" என்றார் அதிகாரி, சிரித்துக்கொண்டே. "வேற யாராவது சொல்லட்டும். தீயோட என்ன சேரும்?"

ஒரு கையும் உயரவில்லை. அத்தனை பிள்ளைகளும் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"அது அவனோடது சார்" என்றான் முன்வரிசைப் பையன்.

"எது?"

"பெட்டி. அவனுக்கு ஜுரம். நாளைக்கு வந்து சொல்லுவான்."

"சரி, அவனுக்குப் பதிலா நீ சொல்லேன்."

"எனக்குக் காரர் சார்" என்றான் அவன், அட்டையைத் தூக்கிக் காட்டி.

அதிகாரி எழுந்து முன்னால் வந்தார். ஒரு குழந்தையின் கையிலிருந்த 'கூடு' அட்டையை வாங்கி, "பறவையோட இது சேருமா?" என்று கேட்டார்.

"சேராது சார்!" வகுப்பே கத்தியது. "அது தேனுக்குப் பின்னாடிதான் நிக்கும்."

"பறவைன்னு அட்டையே இல்ல சார்" என்று ஒரு குரல் விளக்கம் வேறு கொடுத்தது.

மிஸ்ஸுக்குக் காது சுட்டது. பிள்ளைகள் மேல் கோபம், மூன்றாம் வகுப்பு அக்கா மேல் கோபம், காய்ச்சல் வந்தவன் மேல்கூடக் கோபம். சுற்றிச் சுற்றி எல்லாம் கடைசியில் தன் தலையிலேயே வந்து விடிந்தது. "நல்லா யோசிச்சுப் பாருங்க கண்ணுங்களா" என்றாள். பிள்ளைகள் விழித்தார்கள். அட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்து நாளாக யோசிக்காதே என்றவள் இப்போது யோசி என்கிறாளே என்ற குழப்பம் அந்த முகங்களில் அப்பட்டமாகத் தெரிந்தது. பிடித்து உலுக்கலாமா என்று வந்தது அவளுக்கு.

அதிகாரி மெல்ல நடந்து கடைசி வரிசைக்குப் போனார். அங்கே அட்டை எதுவும் இல்லாத ஒரு பெண்குழந்தை இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்ன பாப்பா, பல்வலியா?"

குழந்தை இல்லையென்று தலையாட்டியது.

"அவ இன்னிக்குப் பேசமாட்டா சார்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "பேசக்கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

ரேடியோ என்றுதான் வகுப்பில் அவளைக் கூப்பிடுவார்கள். இரண்டு சொல் சேர்ந்தால் புதுச்சொல் ஒன்று வரும் என்று மிஸ் முதல்நாள் சொல்லி வாயை மூடவில்லை, ரேடியோ ஆரம்பித்துவிட்டாள். தூக்கமுகம் என்றாள், அப்பாவுக்குக் காலையில் இருக்குமாம். மழைச்செருப்பு என்றாள், நடந்தால் சளக் சளக் என்று சத்தம் போடுமாம். கோபக்கதவு என்றாள், அம்மா சாத்துவாளாம். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது, பாடம் குட்டிச்சுவரானது. "அதெல்லாம் வார்த்தையே இல்ல, உக்காரு" என்றாள் மிஸ். ஆனாலும் தினமும் ஒன்று கிளம்பிக்கொண்டே இருந்தது. அதனால் அவளுக்கு மட்டும் அட்டையே கொடுக்கவில்லை. நேற்று மணி அடித்த பிறகு அவளை நிறுத்தி, முகவாயைப் பிடித்துக் கெஞ்சினாள். "நாளைக்கு அந்த சார் வந்துட்டுப் போற வரைக்கும் நீ வாயே திறக்கலன்னா மிஸ்ஸுக்கு வேலை கிடைக்கும். செய்வியா தங்கம்?" ரேடியோ தலையாட்டினாள்.

அதிகாரி திரும்பி மிஸ்ஸைப் பார்த்தார்.

இவ்வளவு நாளில் இந்தப் பாடம் புரிந்தது இந்த ஒருத்திக்குத்தானே, அவளையா வாயைக் கட்டி உட்கார வைத்தேன் என்று மிஸ்ஸுக்குப் பொட்டில் அறைந்தது போல் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருக்கிறது என்ற ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன்! வரிசைகளுக்கு நடுவே விறுவிறுவென்று போய்க் குழந்தைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"பேசும்மா. மிஸ்தான் சொல்றேன், பேசு. அன்னிக்குக் கதவுன்னு என்னமோ சொன்னியே, சாருக்குச் சொல்லு."

குழந்தை அவளைப் பார்த்தது. தலைக்கு மேலே நின்ற அதிகாரியை அண்ணாந்து பார்த்தது. பிறகு மிஸ்ஸின் காதுப்பக்கம் குனிந்து, ஒரு விரலை மட்டும் விலக்கி, ரகசியமாகச் சொன்னது. ரகசியம் வகுப்பு முழுக்கக் கேட்டது.

"அவரு இன்னும் போகலையே மிஸ்."

"பரவால்லடா கண்ணு. இப்பப் பேசலாம்."

ரேடியோ பலமாகத் தலையாட்டி மறுத்தாள். மிஸ் அந்தக் கைகளை மெதுவாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. குழந்தை தோளைத் தூக்கிக்கொண்டு, உள்ளங்கைகளை இன்னும் இறுக்கி வாயோடு அழுத்தியது. விரல்களுக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களும், சரியாகத்தானே செய்கிறேன் என்று கேட்பதுபோல் மிஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தன.