மூன்று, இரண்டு, வயிறு

வாசிப்பவளின் வயிறு மறுபடியும் கடமுடவென்று உருண்டது. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் நாவலைத்தான்மா பதிவு பண்ணச் சொன்னேன். இடி மழையை இல்ல."

ஒலிப்புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்துக்கு இது பதினோராவது முயற்சி. மதியத்துக்குள் முடியாவிட்டால் வேறு குரலைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போனார்.

அவளுக்கு இருப்பது ஐபிஎஸ் (IBS) எனும் குடல் கோளாறு. குடலில் புண்ணோ கட்டியோ இல்லை, ஆனால் வலி பொய்யில்லை என்றார் டாக்டர். என்ன சாப்பிட்டாய், அப்போது மனசு எப்படி இருந்தது, இரண்டையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். அவள் முதல் பாதியை மட்டும் ஒழுங்காக எழுதினாள். சத்தம் கேட்ட நாளில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் சாப்பாட்டுப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவாள். பால் போனது, கோதுமை போனது, ஆப்பிளும் போனது. ஆறு வாரத்தில் தட்டில் வெறும் சோறும் பயமும்தான் மிச்சம்.

ஒலிப்பதிவு செய்யும் கத்தரி அக்கா கை நீட்டினாள். அவள் வெட்டாத இருமல் கிடையாது, அதனால் அந்தப் பெயர்.

"நோட்டைக் கொடு. நான் எந்தப் பதிவையும் அழிக்கல, தேதி போட்டு வச்சிருக்கேன்."

"வயித்துச் சத்தத்தையுமா?"

"பேய்ப் படத்துக்கு ஆகும்ல?"

இருவரும் நோட்டையும் கணினித் திரையில் ஓடும் ஒலிக்கோட்டையும் ஒப்பிட்டார்கள். வெங்காயம் சேர்ந்த நாட்களில் கோடு முழுக்க முள்ளுமுள்ளாக இருந்தது. வெங்காயத்தின் மேல் அவளுக்கு இருந்த சந்தேகம் சரிதான். மற்ற இருபத்து மூன்று நாட்களில், பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும், பெரும்பாலும் தொடக்கத்தில் ஒரே ஒரு முள். அக்கா ஓடவிட்டாள்.

"மூணு... ரெண்டு..." என்றது இயக்குநரின் குரல். உடனே ஒரு உருளல்.

அடுத்த நாள். "மூணு... ரெண்டு..." உருளல்.

"அக்கா, அடுத்தது! அதுக்கும் அடுத்தது!" அவள் எழுந்தே நின்றுவிட்டாள். பத்தொன்பது நாட்கள் அப்படியே. பிறகு சந்தேகம் வந்தது. "தற்செயலா இருக்குமோ? நாலு நாள் சத்தமே இல்லையே?"

அக்கா தேதிகளைப் பார்த்தாள். "அடியே! அந்த நாலு நாளும் சார் லீவு. நான்தான் எண்ணாம கையைக் காட்டி ஆரம்பிக்கச் சொன்னேன்!"

கதவு திறந்தது. தேநீர் குடித்துவிட்டு இயக்குநர் உள்ளே வந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"சார், நீங்க எண்ணக் கூடாது."

"என்னது?"

"பால், கோதுமை, ஆப்பிள், எல்லாத்தையும் விட்டுப் பார்த்துட்டேன். இப்ப உங்களை விட்டுப் பார்க்கணும்."

அவர் முகம் சிவந்தது. அக்கா பதிவுகளை வரிசையாக ஓடவிட்டாள். ஆறாவதில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருபது வருஷமா இப்படித்தானே எண்ணுறேன்..."

"எத்தனை பேர் வயித்தைக் கலக்கினீங்களோ!" என்றாள் அக்கா.

அவர் உள்ளே இருப்பவளோடு பேசும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவள் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து, தனக்குத் தோன்றிய நேரத்தில் ஆரம்பித்தாள். மூன்றாம் பக்கத்தில் வயிறு மெல்ல முனகியது. "அது நான்தான். இந்த வரியை மட்டும் திரும்பச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தொடர்ந்தாள்.

அத்தியாயம் முடிந்தபோது மதியத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்:

"எட்டையும் எடுத்துடலாமா சார்?"